உப்பில்லாத இரண்டு நாள்

பெங்காலிகள் நிறைந்த பவானிபூர் சந்துகளில் எனக்கு உப்பு டாக்டர் என்று ஒரு பெயர் உண்டு. நேரில் யாரும் சொல்லமாட்டார்கள். நான் நடந்து வருவதைப் பார்த்தால் டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் நிம்கி என்ற உப்புத் தீனிப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். பொட்டலத்தை மறைக்கத் தெரிந்தவர்கள் வேறு எதை மறைப்பார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். படித்த படிப்புக்கு அந்த அளவாவது மூளை வேலை செய்திருக்கலாம்.

மாரடைப்பு வந்தவரைப் பிழைக்க வைப்பது ஒரு வேலை. வராமலே தடுப்பது இன்னொரு வேலை. முதல் வேலை செய்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள், வீட்டில் படம் மாட்டுவார்கள். இரண்டாவது வேலை செய்பவரை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் தனக்கு வராமல் போன மாரடைப்பைப் பற்றி யாருக்கும் தகவல் வருவதில்லை. நான் வீம்புக்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். கூடப் படித்தவர்கள் ரத்தக்குழாய்க்குள் கம்பி செருகக் கற்றுக்கொண்டபோது நான் வீடு வீடாகப் போய்ச் சமையலறைகளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆசிரியர் ஒருவர், டாக்டராக வேண்டியவள் சுகாதார இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டாள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இத்தனை வருஷம் உழைத்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

என் ஆராய்ச்சி எளிமையானது. சில சந்துகளில் மாதாமாதம் எங்கள் ஊழியர் போய், உப்பைக் குறைக்கச் சொல்லிக்கொடுப்பார். வேறு சில சந்துகளில் எதுவும் சொல்லமாட்டோம், அளந்து மட்டும் பார்ப்போம். ஒவ்வொரு வருஷமும் இரண்டையும் ஒப்பிட வேண்டும். சொல்லிக்கொடுக்கும் சந்துகளுக்குப் போனவர் ஒரு பெங்காலிப் பெண்மணி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அக்கா என்ற அர்த்தத்தில் நான் தீதி என்று கூப்பிடுவேன். அந்தத் தீதிக்கு எந்த வீட்டுக் கதவும் திறக்கும். பெங்காலி வீடுகளில் சோற்றுத் தட்டின் ஓரத்தில் ஒரு சிட்டிகை பச்சை உப்பு வைக்கும் வழக்கத்தை எடுக்கச் சொன்னார். எங்களைப் போன்ற தமிழ் வீடுகளில் அப்பளத்தையும் மாவடுவையும் எடுக்கச் சொன்னார். சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் சொன்னால் யாருக்கும் கோபம் வராது.

ஒருவர் எவ்வளவு உப்புச் சாப்பிடுகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. எல்லோரும் கொஞ்சம்தான் என்பார்கள். அதனால் ஒரு முழு நாளின் சிறுநீரைச் சேகரித்துப் பார்ப்போம். காலையில் முதல் முறை போவதை விட்டுவிட வேண்டும். அதன் பிறகு மறுநாள் காலை முதல் முறை வரைக்கும் ஒரு சொட்டு விடாமல் வெள்ளை பிளாஸ்டிக் கேனில் பிடிக்க வேண்டும். இதை இந்த ஊரில் செய்ய வைப்பது லேசான காரியம் இல்லை. குமாஸ்தா ஒருவர் கேனைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் புறப்பட்டு, மெட்ரோ வாசலில் பையைச் சோதிக்கிற போலீஸ்காரரிடம் மாட்டிக்கொண்டார். என்ன இது என்று கேட்டதற்கு, ஆராய்ச்சி என்று கம்பீரமாகப் பதில் சொல்லியிருக்கிறார். திறந்து காட்டச் சொன்னார்களாம். அந்தக் கதையை நான் எத்தனையோ கூட்டங்களில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

இப்படி வெட்கத்தை விட்டு ஒத்துழைக்கும் ஜனங்களைத் திடீரென்று போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்பதால், கேன் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னதாகவே தீதி எல்லோருக்கும் சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கேன் நாள் என்றால் வெள்ளிக்கிழமையே தெரியும். அந்த விதியை எழுதியது நான். மரியாதைக்காக எழுதினேன்.

என் கணவரும் கேன் நாளில் சேர்ந்துகொண்டார். அவர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஆய்வகம் சரியாக அளக்கிறதா என்று தெரிந்துகொள்ள, தெரிந்த ஒருவருடைய சிறுநீரைப் பொய் எண் போட்டு மற்றவர்களுடையதோடு கலந்து அனுப்புவது எங்கள் வழக்கம். அவர் சாப்பாட்டில் உப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியும், சமையல்காரப் பெண்ணுக்கு அளந்து கொடுப்பதே நான்தான். ஆகவே அவருடைய அளவு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி வர வேண்டும். மாறினால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். அவர்தான் எனக்கு எடைக்கல். அப்படி அவரிடமே சொல்லியிருக்கிறேன். முப்பது வருஷம் வங்கியில் வேலை செய்ததற்குக் கடைசியில் இதுதான் பதவி உயர்வா என்று கேட்டார்.

அவருடைய அளவு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி குறைவாகவே வந்தது. தீதி போன சந்துகளின் அளவும் அழகாகக் குறைந்துகொண்டே போனது. சொல்லிக்கொடுக்காத சந்துகளில் குறையவில்லை. இதைவிட வேறென்ன வேண்டும்? கட்டுரை நல்ல பத்திரிகையில் வந்தது. பேராசிரியர் பதவி வந்தது. வெளிநாட்டு மேடைகளில் பேசினேன். அரசாங்கக் குழுவில் நாற்காலி போட்டார்கள். எங்கள் முறையைப் பார்த்து வேறு ஊர்களிலும் தொடங்கினார்கள். என்னைக் கேலி செய்த ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டுப் பாராட்டினார். அன்றைக்கு நான் கணவரிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன், அவர் சலிக்காமல் திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஒன்று மட்டும் இடித்தது. உப்பு அவ்வளவு குறைந்திருந்தால் ரத்த அழுத்தமும் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. ஏதோ பெயருக்குக் கொஞ்சம் இறங்கியிருந்தது. கட்டுரையின் கடைசிப் பகுதியில் அதற்கு ஒரு பத்தி எழுதினேன். உப்பைக் குறைத்ததன் பலன் ரத்த அழுத்தத்தில் தெரிய நாளாகலாம், ரத்தக்குழாய்கள் ஏற்கனவே இறுகிப்போயிருக்கலாம், நகரத்து மன அழுத்தமும் காரணமாகலாம். படிக்க நன்றாக இருந்தது. விடை தெரியாத மாணவன் தாளை நிரப்புவதைப் போலத்தான் அதை நிரப்பினேன். ஆனால் பேராசிரியர் எழுதினால் அதற்கு விவாதம் என்று பெயர்.

வீட்டிலும் அதே கதைதான். அவருடைய ரத்த அழுத்தம் ஒரு மாத்திரைக்கு அடங்கவில்லை. இரண்டாவது சேர்த்தேன், பிறகு மூன்றாவது. உப்புதான் காரணம் என்றால் அளவு காட்டிக்கொடுத்திருக்கும், அளவுதான் குறைவாக இருக்கிறதே என்று உப்பை மறந்துவிட்டுச் சிறுநீரகத்தைச் சோதித்தேன், சுரப்பிகளைச் சோதித்தேன். எல்லாம் நன்றாக இருந்தன. ஒரு நாள் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையிலிருந்து கழற்றிக்கொண்டே அவர் கேட்டார்.

"உன் மாத்திரை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கட்டுமா? நம்பர் தப்பாக்கூட இருக்கலாம் இல்லையா?"

"நம்பர் எப்படித் தப்பாகும்? உங்க கேனை நானேதான மூடி சீல் வெக்கிறேன்" என்றேன்.

அவர் பட்டையைச் சுருட்டி உறையில் வைத்தார். எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார் என்பதை நான் கவனிக்கவில்லை. இப்போது அந்த ஒரு நிமிஷத்தை எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறேன் என்று கணக்கில்லை.

ஒரே ஒரு சுற்றில் அவருடைய அளவு தாறுமாறாக வந்தது. ஏதோ மாநாட்டிலிருந்து திரும்பிய களைப்பில் அவருக்கு முன்கூட்டிச் சொல்ல மறந்துவிட்டேன்; எங்கள் தெருவின் முறை வேறு வாரம் என்பதால் தீதியும் வந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கேனை நேராகக் குளியலறையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் கேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னிக்கேவா? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

இதற்கு என்ன முகூர்த்தமா பார்க்க வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் உள்ளே போனார். அந்த வாரம் அளவு வந்தபோது அவருடையது மற்ற சுற்றுகளைவிட மிக அதிகமாக இருந்தது. ஆய்வகத்தை மறுபடி அளக்கச் சொன்னேன். மறுபடியும் அதேதான். அப்படியானால் சேகரித்ததில்தான் தப்பு, மறுநாளுடையதையும் சேர்த்துப் பிடித்திருப்பார் என்று முடிவு கட்டினேன். இத்தனை வருஷம் வங்கியில் நாள் முடித்துக் கணக்குப் பார்த்தவருக்கு ஒரு நாள் எப்போது முடிகிறது என்று தெரியவில்லையே என்று சாப்பிடும்போது சீண்டினேன். அவர் தட்டைப் பார்த்தபடியே சிரித்தார். ஆமாம், ஞாபகப் பிசகில் ஒரு வேளை கூடச் சேர்த்துவிட்டேன் போலிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அத்தோடு அதை மறந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த குளிர்காலத்தில் அவர் போய்விட்டார். காலை நடையை முடித்துக்கொண்டு வீட்டு மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் மேலே புடவை கட்டிக்கொண்டிருந்தேன். என் மருத்துவமனைக்கே, என்னோடு வேலை செய்கிறவர்களிடமே கொண்டுபோனோம். நான் எல்லோருக்கும் தலைவி என்பதால் என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. மாரடைப்பைத் தடுக்கும் வழி கண்டவள் என்று எனக்கு மாலை போட்ட கட்டடத்தில் நின்று, திரையில் கோடு நேராவதைப் பார்த்தேன். ஒரு துறைத் தலைவி அழக் கூடாத முறையில் அழுதேன்.

பத்தாம் நாளுக்குள் தெருவே வந்து போனது. நாலு வீடு தள்ளி இருக்கும், பெரியம்மா என்ற அர்த்தத்தில் எல்லோரும் மாஷிமா என்று கூப்பிடும் அம்மாளும் வந்தார். எழுபது தாண்டியவர், தனியாக இருப்பவர், தீதியின் சந்துகளில் முதல் வருஷத்திலிருந்து கேன் கொடுத்துக்கொண்டிருப்பவர். என் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தடவிக்கொண்டே பெங்காலியில் பேசினார். ஆறுதல் சொல்லத்தான் வந்தார். அவர் வாயில் கெட்ட எண்ணத்தோடு ஒரு சொல் வந்ததில்லை.

"உன் புருஷன் மாதிரி மனுஷன் உண்டாம்மா? எங்களுக்காவது தீதி வந்து சொன்னப்புறம் ரெண்டு நாளைக்கு உப்பில்லாம சாப்பிடறது பழகிப்போச்சு. அவர் பாவம், லேக் மார்க்கெட் ஓட்டல் இட்லி சாம்பார் இல்லாம ஒரு நாள் இருக்கமாட்டார். ஆனா கேன் வருதுன்னா அந்தப் பக்கமே போகமாட்டார். காய்கறிக்காரன்கிட்ட பாத்துக்கறப்போ நாங்க ரெண்டு பேரும் சொல்லிச் சிரிச்சுப்போம். உன் வேலை நல்லபடியா வரணும்னு எவ்வளவு கஷ்டப்பட்டார்!"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு அவர் கையிலிருந்து என் கையை எடுக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். தேநீர் வந்தது. குடியுங்கள் மாஷிமா என்று சொன்னேன். அவர் போகும்போது வாசல் வரை போய் வழியனுப்பினேன். இதையெல்லாம் செய்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் தீதியை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். கத்துவதற்குத் தயாராகத்தான் இருந்தேன். மாஷிமா சொன்னது நிஜமா என்று கேட்டதும் தீதி ஆச்சரியப்பட்டார். எனக்குத் தெரியாது என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கூட்டிப் பெருக்குவதில்லையா, அப்படித்தான் என்றார். வெள்ளிக்கிழமை சொன்னால் சனிக்கிழமை காலையிலிருந்து உப்பு டப்பாவை மேல் தட்டில் ஏற்றிவிடுவார்களாம். முதல் வருஷம் இரண்டு மூன்று வீடுகள், பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர். டாக்டர் தீதி, அதாவது நான், மாதம் தவறாமல் ஆள் அனுப்புகிறார், பூஜைக்கு இனிப்பு அனுப்புகிறார், அவருக்கு முகத்தில் கரி பூசுவதா என்பதுதான் எல்லார் பேச்சும். தீதியே அவர்களிடம் சொல்லிக்கொடுத்தாரா என்று கேட்டேன்.

"சொல்லிக்கொடுக்கல. தடுக்கவும் இல்ல. அளவு குறைஞ்சதுன்னு நீங்க சொல்றப்போ உங்க முகத்தைப் பாத்திருக்கேன். அதைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்?"

கத்தவில்லை. என்னைச் சுற்றி இருந்த ஒவ்வொருவரும் என்மேல் இவ்வளவு பிரியமாக இருந்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்காத சந்துகளில் எங்கள்மேல் யாருக்கும் பிரியமும் இல்லை, பயமும் இல்லை. அதனால் அங்கே மட்டும் உண்மை கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்துக்கும் இருக்கும் வித்தியாசம் எங்கள் வெற்றி என்று எழுதிவிட்டேன்.

அப்போதும் ஒரு ஆசை விடவில்லை. மாஷிமாவும் தீதியும் மிகைப்படுத்துகிறார்களோ, சில வீடுகளோடு போயிருக்குமோ என்று. ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கி, பழைய விதியை மாற்றி, சில வீடுகளுக்கு முன்னறிவிப்பில்லாமல் கேனோடு நானே போனேன். என்னைக் கண்டதும் எல்லோரும் அவரைப் பற்றித் துக்கம் விசாரித்தார்கள். பிறகு கேனைப் பார்த்ததும் ஒவ்வொரு முகமும் ஒரே மாதிரி மாறியது. நாளைக்கு வாங்களேன் என்று ஒரு வீட்டில் கெஞ்சினார்கள். அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது, எங்கே என்று ஞாபகம் வரவில்லை. அளவுகள் வந்தன. நாங்கள் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் என்ன இருந்ததோ அதுவேதான் இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தச் சந்துகளில் ஒரு சிட்டிகை உப்புக்கூடக் குறையவில்லை.

மருத்துவமனை இயக்குநரிடம் போய், கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். கெட்டவர் இல்லை அவர். துக்கத்தில் இருக்கிறீர்கள், கொஞ்ச நாள் பொறுங்கள் என்றார். உப்பு கெடுதல் என்பது பொய்யா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் முடிவு சரிதானே, எண்கள் எப்படி வந்தால் என்ன, நீங்கள் இதை வெளியே சொன்னால் உப்பால் கெடுதல் இல்லையாம் என்றுதான் ஜனங்கள் காதில் விழும் என்றார். அப்படி நடக்கக்கூடும்தான். எங்கள் முறையைப் பார்த்து மற்ற ஊர்களில் தீதிகள் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள், அங்கேயும் உப்பு டப்பா மேல் தட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும், அங்கேயும் யாரோ ஒருவர் மாடிப்படியில் உட்காருவார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. எழுதத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

பத்திரிகைக்குக் கடிதம் எழுதப் பிற்பகலில் உட்கார்ந்தேன். பிழை எப்படி நடந்தது, ஏன் முன்பே கண்டுபிடிக்கப்படவில்லை என்று விளக்க வேண்டும். கண்டுபிடிக்க வழியே இருக்கவில்லை, எல்லோரும் ஒரே மாதிரி ஏமாற்றியதால் எந்த அளவும் தனித்துத் தெரியவில்லை என்று எழுதினேன். எழுதியதைச் சரிபார்க்க, பொய் எண் போட்டு அனுப்பிய அவருடைய அளவுகளின் தாளை எடுத்தேன். சுற்றுவாரியாக வரிசையாக இருந்தன. குறைவு, குறைவு, குறைவு. நடுவில் ஒரு வரி சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் என் கையெழுத்து: சேகரிப்பில் பிழை, நீக்கவும்.

இன்னிக்கேவா என்று அவர் கேட்ட முகம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. கேனோடு நான் போய் நின்ற வீடுகளில் பார்த்த அதே முகம்.

முழு நாளும் சரியாகப் பிடித்திருக்கிறார்களா என்று காட்டிக்கொடுக்கும் இன்னொரு பொருள் சிறுநீரில் உண்டு. கிரியாட்டினின் என்று பெயர். ஒருவருக்கு அது தினமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வரும், ஒரு வேளை கூடச் சேர்த்தால் கூடிவிடும். அதை அளந்து அதே வரியில் பக்கத்துக் கட்டத்தில் எழுதுவதும் எங்கள் வழக்கம்தான். நான் மாணவர்களுக்கு நடத்தும் முதல் பாடமே அது. கோட்டுக்கு அடியில் அந்த எண் தெளிவாகத் தெரிந்தது. மற்ற எல்லாச் சுற்றுகளிலும் இருந்த அதே எண். அவர் ஒரு வேளையும் கூடச் சேர்க்கவில்லை. சரியாக ஒரு நாள் பிடித்திருக்கிறார்.

அந்த எண்ணை நான் அன்றைக்கு நம்பியிருந்தால், கோபத்தோடாவது, லேக் மார்க்கெட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருப்பேன். அவர் சொல்லியிருப்பார். சண்டை போட்டிருப்போம். அவருக்கு ஒரு வருஷம் இருந்தது.

கடிதத்தில் கண்டுபிடிக்க வழியே இருக்கவில்லை என்ற வரியை அடித்தேன். அதே சிவப்புப் பேனாதான் கையில் கிடைத்தது. அதற்குப் பதிலாக, ஒரு சரியான அளவு எங்களுக்குக் கிடைத்திருந்தது, அதை முதன்மை ஆய்வாளர் நீக்கிவிட்டார் என்று எழுதினேன். கீழே என் பெயரைப் போட்டேன்.